கடலைப் பார்த்து ஓடச் சொன்னவள்

சோகார், ஓமன்
2025 பிப்ரவரி 3

அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதால் பேனாவைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் யாருக்கும் தபாலில் எழுதியதில்லை. ஸ்டாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் கேம்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சந்தோஷமா உனக்கு?

விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய முருகதாஸ் சாரை நீ கேட்டுக்கு வெளியே நிறுத்தித் திருப்பி அனுப்பினாயாம். நெய்யூரிலிருந்து சித்தி மகன் அனிஷ் போனில் சொன்னான். தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தாயிற்று, அவசரகால ஒத்திகை நடத்தியாயிற்று என்று போட்டோவோடு சர்டிபிகேட் தருகிறவர் அவர். ஹெல்மெட்டும் கையுறையும் அவரே காரில் கொண்டுவருவார். நம் ஆட்கள் வரிசையாய் நின்று கேமராவைப் பார்த்தால் போதும். அதைக்கூட உன்னால் செய்ய முடியவில்லை.

அப்பா போன பிறகு ஐஸ் பிளாண்ட் நம் இரண்டு பேர் பேரிலும்தான் இருக்கிறது. நீ நின்று நடத்துகிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் அமோனியா கசிந்ததை நீயாகவே மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். யாராவது செய்வார்களா? தூத்துக்குடிப் பார்ட்டி ஈஸ்டர் கழிந்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸ் தொங்குகிற பிளாண்டை எவன் வாங்குவான்?

இன்னொன்று. ஊர்க்காரர்களையும் கூட்டி ஒத்திகை வைக்கப் போகிறாயாம். வேண்டாம். குழாய்க்குள் ஓடுவது ஆளைக் கொல்லும் என்று நீயே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், மறுநாள் காலையில் கேட்டில் பூட்டுப் போட அவர்களுக்கு வேறு காரணமே தேவையில்லை. நான் சேஃப்டி ஆபீசர். இது என் தொழில். சொன்னால் கேள்.

ஷாஜன்



ஐஸ் பிளாண்ட், முட்டம் ரோடு
2025 பிப்ரவரி 20

ஷாஜனுக்கு,

சமாதானம் உண்டாவதாக என்று தொடங்குவது நம் வீட்டு வழக்கம். இல்லாததை எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

உன் முருகதாஸ் வந்தார். டிக்கியைத் திறந்து மஞ்சள் ஹெல்மெட்டுகளை இறக்கினார். ஒவ்வொன்றிலும் வேறு ஏதோ கம்பெனியின் பெயர். "பேரு தெரியாம திருப்பி வச்சு எடுப்போம் மேடம்" என்றார். இதை மாட்டிக்கொண்டால் அமோனியா மூக்கில் ஏறாதா சார் என்று கேட்டேன். "போட்டோவுக்குத்தானே" என்று சிரித்தார். நான் அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. உள்ளே உட்காரவைத்து, டீ கொடுத்து, அதன்பிறகுதான் வெளியே அனுப்பினேன். அனிஷிடம் சரியாகச் சொல்லச் சொல்.

ஓமனில் ஹெல்மெட்டின் வாரை மாட்டாதவனைக்கூட வேலைக்குள் விடமாட்டேன் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் பெருமை அடிப்பாய். அங்கே இருக்கிறவனுக்குத்தான் உயிரா? இங்கே ஐஸ் உடைக்கிறவனுக்கு என்ன, தேங்காயா உருளுகிறது கழுத்துக்கு மேலே?

ஜனவரியில் என்ன நடந்தது என்று நீ ஒருதடவைகூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மத்தியானத்துக்கு மேல் கம்ப்ரசர் பக்கத்து வால்வு ஒன்று கசியத் தொடங்கியது. அப்பா காலத்திலிருந்து கம்ப்ரசரைப் பார்க்கிற சூசை அண்ணன் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் சைரனை அழுத்தினேன். சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு ஜனங்கள், வலை பின்னுகிறவர்கள், மீன் எடுக்க வந்த பெண்கள் எல்லோரும் ஓடினார்கள். எங்கே? மேட்டு ரோட்டுக்கு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சுனாமி கழிந்த பிறகு இந்தக் கரையில் சைரனுக்கு ஒரே அர்த்தம்தான். கடல் வருகிறது, மேட்டுக்கு ஓடு. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அன்றைக்குக் காற்றும் கடலிலிருந்து மேட்டைப் பார்த்துத்தான் அடித்தது. அவர்கள் ஓடின அதே ரோட்டில் அமோனியாவும் அவர்களோடு ஏறியது. கடற்கரைப் பாறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த சோம்பேறிகள் எழுந்திருக்கவே இல்லை. அவர்களுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ரோட்டில் விழுந்தது ஜெபகனி அக்கா. நம்மிடம் விடியற்காலையில் ஐஸ் வாங்கி, மீன்பெட்டியோடு பஸ் ஏறுவார்களே, அவர்கள்தான். நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார்கள். நான் போய் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி எதுவரைக்கும் வந்து பிள்ளே?" என்று கேட்டார்கள். தண்ணீரே வரவில்லை அக்கா, எங்கள் பிளாண்டுதான் என்று நான் சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் வந்து அழுதேன்.

வாயுவை அடக்க சூசை அண்ணன் தண்ணீரைப் பீய்ச்சினார். அது சரிதான். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடையில் இறங்கி, மறுநாள் ஓடை மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. அதைத்தான் வாரியத்துக்கு எழுதினேன். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி கட்டுகிறேன் என்றும் எழுதினேன். குழி எடுத்தாயிற்று.

மார்ச் நடுவில் ஒத்திகை. பகலில் சைரன் கேட்டால் மேட்டுக்கு ஓடாதீர்கள், கடலைப் பார்த்து ஓடுங்கள் என்று சொல்லிக் கொடுக்கப் போகிறேன். நீ வேண்டாம் என்று எழுதியதைப் பார்த்த பிறகு கட்டாயம் நடத்துவது என்று முடிவு செய்தேன்.

பெமிலா



சோகார்
2025 மார்ச் 5

அக்காவுக்கு,

நாகர்கோவிலில் முதலாளிகளுக்கான பாதுகாப்பு வகுப்பில் போய் உட்கார்ந்தாயாம். சந்தோஷம். நாலு நாள் வகுப்பும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும். அதை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

கடலைப் பார்த்து ஓடச் சொல்வாயா? ராத்திரி என்ன செய்வாய்? இருட்டினால் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். அப்போது கடலைப் பார்த்து ஓடுகிறவன்தான் முதலில் சாவான். இதைக்கூட உன் வகுப்பில் சொல்லவில்லையா? காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதற்குக் குறுக்கே, பக்கவாட்டில் விலக வேண்டும். பகலானாலும் ராத்திரியானாலும் பக்கவாட்டு வழி ஒன்றுதான் மாறாது. காற்றின் போக்கு தெரிய, கூரைக்கு மேலே கம்பத்தில் துணிக்குழாய் ஒன்று கட்டு. எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில் கட்டு. ஆரஞ்சு நிறம் நல்லது.

உனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொள்ளாதே. தப்பாகச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். ஒத்திகை அறிக்கையில் என் கையெழுத்து வராது. உரிமையாளர் இரண்டு பேரில் ஒருவருக்கு இதில் சம்மதமில்லை என்று இப்போதே எழுதி வைத்துக்கொள். தூத்துக்குடிப் பார்ட்டி வருகிற வரையில் சத்தமில்லாமல் இரு. உன் காலில் விழாத குறையாய்க் கேட்கிறேன்.

ஷாஜன்



முட்டம் ரோடு
2025 மார்ச் 27

ஷாஜனுக்கு,

உன் கடிதம் வரும்போது ஒத்திகை முடிந்திருந்தது. நடந்து முடிந்தது என்று சொல்ல முடியாது. நடக்காமல் முடிந்தது.

எல்லோரும் வந்தார்கள். டீயும் பருப்பு வடையும் கொடுத்தேன். சூசை அண்ணன் கடற்கரைப் பக்கம் கொடியோடு நின்றார். காற்று எப்படி அடிக்கும், வாயு எப்படிப் போகும், ஏன் கடலைப் பார்த்து ஓட வேண்டும் என்று மைக்கில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். தலையாட்டினார்கள். பிறகு சைரனை அழுத்தினேன்.

ஒருத்தரும் அசையவில்லை. பிள்ளைகள் மட்டும் பழக்கத்தில் மேட்டைப் பார்த்து நாலு எட்டு வைத்துவிட்டு, தாய்மார் முகத்தைப் பார்த்து நின்றன. ஜெபகனி அக்கா இருமிக்கொண்டே முன்னால் வந்தார்கள்.

"கடலைப் பாத்து ஓடச் சொல்லுதியா? எனக்க மோளைக் கொண்டுபோன கடலைப் பாத்தா?"

"அக்கா, காத்து அந்தப் பக்கம்..."

"நீ சொன்னது வெளங்கிச்சு பிள்ளே. எனக்கும் தலையில மூளை உண்டு. காலு போவாது. நானே சொன்னாலும் எனக்கக் காலு அங்கன போவாது, கேட்டியா?"

சுனாமியில் மகளை இழந்தவர்கள் அவர்கள். சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நம் சைரன், என் வகுப்பு, அந்தப் பிளாஸ்டிக் ஃபைல், எதிலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை. உள்ளபடியே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோயில் ஹாலில் ஊர்க்கூட்டம். என்னை வரச் சொன்னார்கள். நெய்யூர் சபைக்காரி நான், அங்கே தனியாகப் போய் நின்றேன். நீ பயந்தது போலவே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயில் ஓடுவது அமோனியா, கூடுதலாய் வெளியே வந்தால் ஆளைக் கொல்லும் என்றேன். இவ்வளவு காலமும் என்னத்துக்குச் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். "எங்க அப்பாவும் சொல்லல்ல. எனக்கத் தம்பியும் சொல்லப்பிடாதுண்ணு லெட்டர் போடுதான். நான் சொல்லுதேன்" என்றேன். உன் பெயர் முட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, கவலைப்படாதே.

நீ சொன்னதும் நடந்தது. பூட்டுவோம் என்று பின்னால் இருந்து கத்தினார்கள். எனக்கும் கோபம் வந்தது. "பூட்டுங்க. உள்ள கெடக்க அமோனியாவ ஆரு பாப்பா? பூட்டுப் போட்டா அது செத்துப் போவுமா?" என்று கேட்டேன். பிறகு நானே சொன்னேன்: "நாளைக்கு நானே கம்ப்ரசரை நிறுத்துதேன். ஒங்க காலு போவுத வழி ஒண்ணு உண்டாக்கின பெறவுதான் ஓட்டுவேன்."

நிறுத்திவிட்டேன். சூசை அண்ணனும் நானும் சேர்ந்துதான் அமோனியாவை அதன் இரும்பு டேங்கிற்குள் இழுத்து வால்வுகளை அடைத்தோம். சீசன் நேரம். படகுக்காரர்கள் குளச்சலிலிருந்து லாரியில் ஐஸ் கொண்டுவருகிறார்கள். அந்த லாரி நம் வாசலைக் கடக்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் கம்ப்ரசர் பக்கம் போகமாட்டேன்.

ராத்திரி காற்று திரும்பும் என்று நீ எழுதியது சரி. பக்கவாட்டில் விலகு என்றதும் சரி. நானும் சூசை அண்ணனும் நடந்து பார்த்தோம். மேற்கே பாறை. ஆடுகூட ஏறாது. கிழக்கே உன் சுவர். அதற்கு அந்தப் பக்கம் உன் பங்குத் தென்னந்தோப்பு, நீ வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட இடம். இந்த ஊர் ஓடுவதற்கு மிச்சம் இருக்கிற வழி அது ஒன்றுதான். நான் என்ன செய்யப் போகிறேன் என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

பெமிலா



சோகார்
2025 ஏப்ரல் 12

அக்கா,

சுவரில் கை வைத்துப் பார்.

அது என் முதல் சம்பளத்தில் கட்டிய சுவர். ஐம்பது டிகிரி வெயிலில் ஆயில் டேங்கின் மேலே நின்று நான் சம்பாதித்தது. நாகர்கோவிலில் பெபிஷாவும் பிள்ளைகளும் வாடகை வீட்டில் காற்று இல்லாத இரண்டு அறையில் கிடக்கிறார்கள். இந்த வருஷம் தூண் எழுப்பிவிடுவேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் ஜன்னலுக்குப் பெயிண்ட்வரை முடிவு செய்துவிட்டாள். நீ என்னடா என்றால் ஊரைக் கூட்டி என் அஸ்திவாரத்தின் மேலே ஓடவிடப் போகிறாய். கேட்டாயா? ஒரு வார்த்தை கேட்டாயா?

தூத்துக்குடிப் பார்ட்டி இனி வரமாட்டார்கள். ஓட்டம் நின்றுபோன பிளாண்டைப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். பெரிய வெற்றிதான் உனக்கு. நாகர்கோவிலில் வக்கீலிடம் பேசியிருக்கிறேன். தோப்பு என் தனிப் பட்டா. ஒரு கல் பெயர்ந்தாலும் உடன்பிறப்பு என்று பார்க்கமாட்டேன்.

சைரனை மாற்று. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு எந்த வழியைக் காட்டினாலும் ஜனங்கள் மேட்டுக்குத்தான் ஓடுவார்கள். வேறே சத்தம் வேண்டும், அவர்கள் பழக்கத்தில் இல்லாத சத்தம். வழி எது என்றாலும் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூட்டு இருக்கக்கூடாது. இதைப் பொதுவாகச் சொல்கிறேன். என் சுவரைச் சொல்லவில்லை.

ஷாஜன்



முட்டம் ரோடு
2025 மே 4

ஷாஜனுக்கு,

சுவர் போய்விட்டது. முழுவதும் இல்லை, ஒரு மினி லாரி நுழைகிற அகலத்துக்கு. சூசை அண்ணன் தயங்கினார். "தம்பிக்க சொவரு பிள்ளே, ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றார். கேட்டால் இல்லை என்பான், இல்லை என்றாலும் இடிக்கத்தான் போகிறேன், எதற்குத் தபால் செலவு என்று சொல்லி முதல் அடியை நான்தான் அடித்தேன். கை இன்னும் வலிக்கிறது. நல்ல சிமெண்டு போட்டுத்தான் கட்டியிருக்கிறாய்.

வெல்டிங் குமாரதாஸ் இரும்புக் கதவு செய்து தந்தார். வெளிப்பக்கம் திறக்கும். பூட்டு மாட்டுகிற வளையமே வைக்கவில்லை. பொதுவாகச் சொன்னாயே, பொதுவாகவே எடுத்துக்கொண்டேன். கூரைக்கு மேலே ஆரஞ்சுத் துணிக்குழாய் ஆடுகிறது.

சைரனைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பதில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெபகனி அக்காவே வந்து, "எனக்கச் சத்தத்தை வையி. ஏலத்துல நான் விளிச்சா வள்ளத்துல கெடக்கவனுக்கும் கேக்கும்" என்றார்கள். போனில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் இணைத்தோம். இப்போது பட்டனை அழுத்தினால் அவர்கள் குரல்தான் வரும்: "ஐஸ் கம்பெனியில கேஸ் வெளிய வந்திற்று! தண்ணி இல்ல, தண்ணி இல்ல, கேஸ்! தென்னந்தோப்புக்கு வாருங்க மக்களே!" அந்தத் "தண்ணி இல்ல" நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

நேற்று இரண்டாவது ஒத்திகை. குரல் கேட்டதும் வலைக்காரர்கள், வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், நம் ஆட்கள் எல்லோரும் உன் சுவர் வழியாக வந்தார்கள். ஜெபகனி அக்கா நடக்க முடியாத ஒரு பாட்டியைத் தாங்கிக்கொண்டு கடைசியாக வந்தார்கள். தன் சத்தத்துக்குத் தானே ஓடி வந்ததை நினைத்து அவர்களுக்குச் சிரிப்பு. மூச்சு வாங்க உன் அஸ்திவாரத்துக் கல்லில் உட்கார்ந்து, "எனக்கக் காலு இங்கன வருதுட்டி" என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

பிள்ளைகளுக்கு அடி படாமல் இருக்க, தூணுக்கு நீ நீட்டிவிட்ட கம்பி முனைகளில் எல்லாம் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பெரிய கூடை பாட்டில் செலவானது.

ஒத்திகையைத் தொழிற்சாலை ஆய்வாளரும் வந்து பார்த்தார். கழிவுத் தொட்டியையும் பார்த்தார். அறிக்கையில் இரண்டாவது உரிமையாளரின் கையெழுத்து எங்கே என்று கேட்டார். அவனுக்குச் சம்மதம் இல்லை சார் என்றேன். அப்படியே எழுதுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இந்த வழி இருக்கிற வரையில் நீ அங்கே வீடு கட்ட முடியாது. உன் பட்டா, உன் சம்பளம், பெபிஷாவின் ஜன்னல், எல்லாம் எனக்குத் தெரியும். அவளை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேஸ் போடு. சுவரை இடித்தது யார் என்று கோர்ட்டில் கேட்டால் சாட்சிக்குக்கூட ஆள் தேடவேண்டாம், நானே சொல்வேன். ஐஸ் கட்டியைக் கேட்டுப் படகுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். நாளைக்குக் கம்ப்ரசரை ஓட்டுகிறேன்.

பெமிலா



சோகார்
2025 மே 19

அக்கா,

இதில் உள்ளதை அனிஷிடம் போனிலும் சொல்லிவிட்டேன். அவன் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கேஸ் போடுவேனா மாட்டேனா என்பதை ஊருக்கு வந்து முடிவு செய்வேன். ஒரு சுவரை இடிப்பதற்குமுன் தம்பியிடம் கேட்பது மனுஷத்தனம். அது உனக்கு இல்லை. அப்பாவும் யாரையும் கேட்டதில்லை.

இப்போது அவசரம் வேறு. கம்பி முனையில் தண்ணீர் பாட்டிலா? உனக்கு மூளை என்ற ஒன்று இருக்கிறதா? இடுப்பு உயரத்துக்கு நிற்கிற கம்பி. ஒத்திகையில் பகலில் சிரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நிஜத்தில் வருகிறவன் கண் எரிந்து, எதுவும் தெரியாமல், பின்னால் வருகிறவன் தள்ளத் தள்ள வருவான். கையில் பிள்ளை இருக்கும். விழுந்தால் பாட்டிலையும் துளைத்துக்கொண்டு வயிற்றில் ஏறும். இங்கே எங்கள் சைட்டில் ஒருவன் அப்படி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அமோனியாவிலிருந்து தப்பிக்கவைத்து என் கம்பியில் குத்திக் கொல்லப் போகிறாயா?

அஸ்திவாரக் குழிகளையும் மண் போட்டு நிரப்பு. கதவிலிருந்து தோப்பின் நடுவரைக்கும் தரை ஒரே மட்டமாய் இருக்க வேண்டும்.

கம்பிகளை வளைக்காதே. வளைத்தால் கால் தடுக்கும். குமாரதாஸிடம் கட்டர் இருக்கும். எல்லாத் தூணிலும் தரையோடு தரையாக வெட்டச் சொல். வெட்டினால் பிறகு அதில் தூண் எழும்பாது என்று குமாரதாஸ் சொல்வார், தம்பியிடம் கேளுங்கள் என்பார். கேட்டாயிற்று என்று சொல். பெபிஷாவிடம் நான் பேசிவிட்டேன். அவள் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. நீ வெட்டு.

ஷாஜன்